பத்துப் பைசா ரேட்டும் பணம் போய் விழும் கணக்கும்

கேட்டிருப்பவர் ஷார்ஜாவில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆன ஒரு தம்பி. ஊர் ராமநாதபுரம் பக்கம். சம்பளம் 2,400 திர்ஹம். தங்குமிடம் கம்பெனி கொடுக்கிறது, சாப்பாட்டுச் செலவு போக மாதம் 2,000 அனுப்ப முடிகிறது. கேள்விகள் இவை: எக்ஸ்சேஞ்சில் (பணம் மாற்றி ஊருக்கு அனுப்பும் கடையில்) அனுப்புவதா, பேங்க் ஆப்பில் அனுப்புவதா? ரேட் ஏறும்வரை காத்திருக்கலாமா? உண்டியலில், அதாவது வங்கி வழியில்லாமல் ஆள் மூலம் அனுப்பும் முறையில் கொடுத்தால் திர்ஹமுக்கு 30 பைசா கூடக் கிடைக்கும் என்று ரூமில் சொல்கிறார்களே, கொடுக்கலாமா? அம்மாவின் கணக்குக்கே அனுப்பினால் போதாதா, என்ஆர்இ கணக்கு (வெளிநாட்டில் வேலை செய்யும் இந்தியர் அங்கே சம்பாதித்ததைப் போட்டுவைக்கும் ரூபாய்க் கணக்கு) எதற்கு? லீவில் வரும்போது கையில் இருக்கும் திர்ஹமை எங்கே மாற்றுவது?

தம்பி, இந்த ஊரில் எந்த ரூமுக்குப் போனாலும் பேச்சு ரேட்டில்தான் ஆரம்பிக்கும். பத்துப் பைசாவுக்காக பஸ் ஏறி துபாயில் இருக்கும் தேரா வரைக்கும் போவார்கள். அந்தப் பணம் ஊரில் யார் பெயரில், எந்தக் கணக்கில் போய் விழுகிறது என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது. என் கணக்கில் நஷ்டம் அதிகம் வருவது இந்த இரண்டாவது இடத்தில்தான். ஆனாலும் நீங்கள் முதலில் கேட்டது ரேட் என்பதால் அதையே முதலில் முடித்துவிடுவோம்.

திர்ஹமுக்கென்று தனியாக ஒரு விலை கிடையாது. 1997லிருந்து ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம் என்று கட்டிவைத்திருக்கிறார்கள். சவூதி ரியால் டாலருக்கு 3.75, கத்தார் ரியால் 3.64, இவையும் அப்படித்தான். வளைகுடாவில் குவைத் தினார் மட்டும் 2007லிருந்து பல கரன்சிகள் கொண்ட ஒரு கூடையோடு ஏறி இறங்குகிறது. ஆகவே ‘திர்ஹம் ஏறிடுச்சு’ என்று ரூமில் சொன்னால், ரூபாய் டாலருக்கு எதிராக இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு டாலருக்கு எத்தனை ரூபாய் என்று போனில் பார்த்து அதை 3.6725ஆல் வகுத்தால், திர்ஹமின் அசல் விலை வந்துவிடும். எக்ஸ்சேஞ்ச் போர்டில் எழுதியிருப்பது அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அந்த இடைவெளிதான் அவர்களுடைய லாபம்.

எளிதாக இருக்கட்டும் என்று டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் அன்றைய விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். 85ஐ 3.6725ஆல் வகுத்தால் 23 ரூபாய் 14 பைசா. போர்டில் 22.95 என்று இருக்கிறது. திர்ஹமுக்கு 19 பைசா போல அங்கேயே போய்விட்டது. அதற்குமேல் கட்டணம் 20 திர்ஹம், அதன்மீது 5 சதவீத வாட், ஆக 21 திர்ஹம். உங்கள் கையிலிருந்து போவது மொத்தமே 2,000 என்றால், அனுப்பப்படுவது 1,979. வீட்டில் விழுவது 45,418 ரூபாய். இப்போது ஒரு பேங்க் ஆப். ‘கட்டணமே இல்லை’ என்று பெரிதாகப் போட்டிருக்கிறது, ஆனால் ரேட் 22.80. போர்டைவிட 15 பைசா குறைவு என்று நம் ஆட்கள் முகத்தைச் சுளிப்பார்கள். ஆனால் முழு 2,000மும் போகிறது, விழுவது 45,600 ரூபாய். ஆப்தான் மேல். அதே ரேட்டில் 5,000 திர்ஹம் அனுப்பிப் பாருங்கள். ஆப்பில் 1,14,000, எக்ஸ்சேஞ்சில் 1,14,268. இப்போது எக்ஸ்சேஞ்ச் மேல்.

கட்டணம் தொகை கூடினாலும் அப்படியே நிற்கும், ரேட் வித்தியாசம் தொகையோடு சேர்ந்து வளரும் என்பதுதான் இதற்குக் காரணம். அதனால் ‘எது நல்லது’ என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. கவுன்ட்டரில் இருப்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: என் கையிலிருந்து எல்லாம் சேர்த்து 2,000 திர்ஹம் போனால், ஊரில் கணக்கில் எத்தனை ரூபாய் விழும்? ஆப்பிலும் கடைசித் திரையில் வரும் அந்த ஒரு எண்ணை மட்டும் பாருங்கள். ‘முதல்முறை அனுப்புவோருக்குச் சிறப்பு ரேட்’ என்று சில ஆப்கள் ஆசை காட்டும். அதைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். இரண்டாவது மாதம் மறுபடி கணக்குப் போடுங்கள். கட்டணம் வாங்கும் இடமாக இருந்தால் 1,000, 1,000 என்று இரண்டாகப் பிரித்து அனுப்புவது வீண்.

இன்னொன்று, ஸ்விஃப்ட் (நாடு விட்டு நாடு வங்கிகள் பணம் அனுப்பும் முறை) வழியாக டாலராகவோ திர்ஹமாகவோ அனுப்பி ஊரில் மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், உங்கள் தொகைக்கு அது சரிப்படாது. நடுவில் நிற்கும் வங்கி தன் பங்கைப் பிடித்துக்கொள்ளும். ஊர் வங்கி தன் ரேட்டில் மாற்றும். அப்படி மாற்றுவதற்கு அங்கே ஜிஎஸ்டி உண்டு: 25,000 ரூபாய் வரை 45 ரூபாய், ஒரு லட்சத்துக்கு 180 ரூபாய். இங்கேயே ரூபாயாக மாற்றி அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை. டிசிஎஸ் (பணம் அனுப்பும்போதே வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள் என்று ஒரு பயமும் உலவுகிறது. அது இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் பணத்துக்கான விஷயம், உள்ளே வரும் பணத்துக்கு இல்லை.

அனுப்பும் நாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சனி, ஞாயிறு இந்தியாவில் அந்நியச் செலாவணிச் சந்தை மூடியிருக்கும். திங்கட்கிழமை விலை எங்கே திறக்கும் என்று தெரியாததால், எக்ஸ்சேஞ்சுகள் பெரும்பாலும் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள ரேட்டைக் கொஞ்சம் குறைத்தே வைக்கும். 2022 ஜனவரியிலிருந்து இங்கேயும் வார விடுமுறை சனி, ஞாயிறு ஆகிவிட்டதால், நம் ஆட்கள் வரிசையில் நிற்பதும் அந்த நாட்களில்தான். ஆப்பில் அனுப்புவதாக இருந்தால் வாரநாளில், இந்தியச் சந்தை திறந்திருக்கும் பகல் நேரத்தில் அனுப்புங்கள். பணம் போய்ச் சேர வார நாள்தான் வேண்டும் என்பதில்லை. 2019 டிசம்பர் 16லிருந்து, இந்திய வங்கிகளுக்கு இடையே பணம் போகும் நெஃப்ட் எல்லா நாளும் 24 மணி நேரமும் ஓடுகிறது. இன்றைக்கு ஒரு பணம் இரண்டு நாள் நிற்கிறது என்றால் அது பெரும்பாலும் லீவினால் இருக்காது, ஏதோ ஒரு பரிசோதனையில் மாட்டியிருக்கும்.

சரி, ரேட் ஏறும்வரை காத்திருக்கலாமா?

இதற்கு நான் எதிர்க்கேள்வி கேட்பேன்: ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் பாக்கி இருக்கிறதா? இருந்தால், எத்தனை வட்டி? நம் பக்கத்தில் மூன்று வட்டி சாதாரணம், அதாவது நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், வருஷத்துக்கு 36 சதவீதம். நீங்கள் அனுப்பும் 45,000 ரூபாய் சொச்சம் அந்தக் கடனில் ஒரு வாரம் முன்னால் போய் விழுந்தால் மிச்சமாகும் வட்டி 320 ரூபாய் போல. ஒரு வாரம் காத்திருந்து ரேட் பத்துப் பைசா ஏறினால் 2,000 திர்ஹமுக்குக் கிடைப்பது 200 ரூபாய். ஏறினால்தான் அதுவும். இறங்கினால் இரண்டு பக்கமும் நஷ்டம். கடன் இருக்கிறவரை சம்பளம் வந்த அன்றே அனுப்புங்கள், போர்டைப் பார்க்கவே வேண்டாம்.

கடன் இல்லாதவர் காத்திருக்கலாம், தப்பில்லை. பல வருஷப் போக்கில் ரூபாய் இறங்கிக்கொண்டுதான் வந்திருக்கிறது. ஆனால் எந்த வாரம் இறங்கும் என்று வங்கிக்காரர்களுக்கே தெரியாது. 2013இல் மே மாதம் 55 ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்த டாலர் ஆகஸ்ட்டில் 68ஐத் தாண்டியது. அந்த மாதிரி நேரத்தில் இங்கே கிரெடிட் கார்டில் பணம் எடுத்தும், பேங்கில் பர்சனல் லோன் போட்டும் ஊருக்கு அனுப்புகிறவர்கள் கிளம்பிவிடுவார்கள். கார்டில் ரொக்கம் எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். அதை அடைக்க ஆகும் மாதங்களில், ரேட்டில் கிடைத்த லாபத்தைக் கார்டு தின்றுவிடும். அதைச் செய்யாதீர்கள். சேமிப்புப் பணம் கையில் இருந்து, அவசரமும் இல்லை என்றால் மாதாமாதம் ஒரே தேதியில் அனுப்புவதே எனக்குப் பிடித்த வழி. நல்ல ரேட்டும் கெட்ட ரேட்டும் கலந்து சராசரியாக வந்துவிடும், மனசும் நிம்மதியாக இருக்கும்.

உண்டியல் விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய உண்டியலும் இன்றைய உண்டியலும் ஒன்றில்லை.

பழைய முறை உங்களுக்கே கேள்விப்பட்டுத் தெரிந்திருக்கும். இங்கே ஒருவரிடம் திர்ஹமைக் கொடுப்பார்கள். அவர் ஊருக்குச் சொல்லிவிடுவார். சாயங்காலம் பைக்கில் ஒருவர் வந்து, வீட்டில் வைத்திருக்கும் பத்து ரூபாய் நோட்டின் எண்ணைச் சரிபார்த்து ரொக்கத்தைக் கொடுத்துவிட்டுப் போவார். வங்கியே இல்லாத காலத்தில் பல கிராமங்களில் பணம் இப்படித்தான் வந்தது. நாணயமாக நடத்தியவர்களும் உண்டு. ஆனால் அவர் 30 பைசா கூடக் கொடுப்பது நம்மீதுள்ள பாசத்தில் இல்லை. இந்தியாவில் கணக்கில் காட்ட முடியாத ரூபாய் வைத்திருக்கும் ஒருவருக்கு வெளிநாட்டில் திர்ஹம் தேவைப்படுகிறது, தங்கம் வாங்கவோ, சரக்குக்குக் குறைத்துப் போட்ட பில்லின் மீதியைக் கட்டவோ. அவர் கொடுக்கும் கூடுதல் விலையில் ஒரு துளிதான் உங்களுக்கு வருகிறது. உங்கள் உழைப்பின் திர்ஹம் அவருடைய சரக்காகிறது.

அமீரகத்தில் ஹவாலா, அதாவது இந்த உண்டியல் தொழில் செய்கிறவர்கள் இங்குள்ள மத்திய வங்கியில் பதிவு செய்துகொள்ளும் முறை இருக்கிறது. ‘இங்கே லைசென்ஸ் உண்டு, பயமில்லை’ என்று ரூமில் சொல்வது அதை வைத்துத்தான். ஆனால் உங்கள் பணம் போய் இறங்குவது இந்தியாவில். அங்கே இது 1999ஆம் ஆண்டின் ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு விரோதம். சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் போட இடமுண்டு. ஒரே நாளில் ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தனியாக ஒரு குற்றம்.

இப்போதைய ஆபத்து இதைவிட மோசம். பைக்கில் ஆள் வருவது குறைந்துவிட்டது. ‘அக்கவுண்ட் நம்பர் கொடுங்க, ஊரில் நேரடியாகப் போட்டுவிடுகிறேன்’ என்கிறார்கள். வீட்டில் பணமும் வந்துவிடுகிறது. ஆனால் அனுப்பியவர் பெயர் முன்பின் தெரியாத யாரோ. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இப்படி 40,000 ரூபாய் சொச்சம் அப்பாவின் கணக்கில் வந்தது. ஆன்லைன் மோசடியில் ஏமாந்த ஒருவர் வேறு மாநிலத்தில் புகார் கொடுத்திருக்கிறார். அந்தப் பணம் நாலைந்து கணக்கு தாவி இவர் கணக்கில் வந்து விழுந்திருக்கிறது. அந்த மாநில சைபர் போலீஸ் கணக்கை முடக்கச் சொல்லிவிட்டார்கள். ஏடிஎம்மில் போய்ப் பணம் எடுக்கப் பார்த்தபோதுதான் பெரியவருக்கே தெரியும். அந்தக் கணக்கில் அவருடைய பென்ஷனும், அறுவடைப் பணமும் இருந்தன. வங்கி மேலாளர், ‘எங்கள் கையில் எதுவும் இல்லை, அந்த ஸ்டேஷனிலிருந்து கடிதம் வாங்கி வாருங்கள்’ என்று ஒரு மெயில் முகவரியை எழுதிக் கொடுத்தார். மொழி தெரியாத ஊர். ‘இந்தப் பணம் எதற்கு வந்தது?’ என்று கேட்டால் ‘மகன் துபாயிலிருந்து அனுப்பினான்’ என்பார், அதற்கு ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. அனுப்பியவர் பெயரோ மகன் பெயர் இல்லை. 30 பைசா என்றால் 2,000 திர்ஹமுக்கு 600 ரூபாய். அதற்காக இதை நான் செய்யச் சொல்ல மாட்டேன்.

இதோடு சேர்ந்த இன்னொரு தொல்லை: ‘என் லிமிட் முடிஞ்சிடுச்சு, உன் ஐடியில் ஒரு 8,000 அனுப்பிக் கொடு தம்பி’ என்று ரூமில் யாராவது கேட்பார்கள். நெருங்கிய சொந்தமாக இருந்தாலும் வேண்டாம். உங்கள் சம்பளம் 2,400 என்பது எக்ஸ்சேஞ்சின் கம்ப்யூட்டருக்குத் தெரியும். அதற்குப் பொருந்தாத தொகை போனால் கேள்வி உங்களிடம்தான் வரும், அடுத்த மாதம் உங்கள் சொந்தப் பணமும் நிற்கும்.

முறையான வழி எப்படி நடக்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். இங்குள்ள எக்ஸ்சேஞ்ச் இந்திய வங்கியில் முன்கூட்டியே ரூபாய் வைத்திருக்கும். நீங்கள் பணம் கட்டியதும் அந்த வங்கி நெஃப்டிலோ ஐஎம்பிஎஸ்ஸிலோ உங்கள் வீட்டுக் கணக்கில் போட்டுவிடும். இதற்கு ரிசர்வ் வங்கி அனுமதித்த ஏற்பாடு உண்டு. வெஸ்டர்ன் யூனியன் மாதிரி ரொக்கமாக எடுக்கும் வழி தனி. அதில் ஒரு தடவைக்கு 2,500 டாலர், ஒருவருக்கு ஒரு காலண்டர் வருஷத்தில் 30 தடவை, கையில் ரொக்கமாகக் கொடுப்பது 50,000 ரூபாய் வரை என்று வரம்புகள். ஆஸ்பத்திரி அவசரம், வீட்டில் வங்கிக் கணக்கே வேலை செய்யவில்லை என்றால் இது கைகொடுக்கும். மாதாமாதம் இதில் அனுப்பத் தேவையில்லை.

கணக்கு விவரம் கொடுப்பதில்தான் நம் ஆட்கள் அதிகம் சிக்கிக்கொள்கிறார்கள், அதுவும் தமிழ்நாட்டுக்காரர்கள். நம்முடைய இனிஷியல் இதற்கு ஒரு முக்கியமான காரணம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், பாஸ்புக்கில் ஒரு எழுத்தோடு நிற்கும். ஆதாரில் மூன்றாவது விதமாக இருக்கும். அம்மா பாஸ்புக்கில் ‘எம். முத்துலட்சுமி’ என்று இருக்க, நீங்கள் வழக்கத்தில் சொல்லும் ‘லட்சுமி’யை எழுதிக் கொடுத்தால் பணம் பரிசோதனையில் நிற்கலாம், திரும்பியும் வரலாம். பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, அதில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே கொடுங்கள். வாயால் சொல்லி எழுதுவது வேண்டாம்.

அதைவிட முக்கியம் கணக்கு எண். நெஃப்டில் பணத்தை வரவு வைப்பது எண்ணைப் பார்த்துத்தான், பெயரைப் பார்த்து இல்லை. ஒரு இலக்கம் மாறி, அந்த எண்ணில் வேறு யாருக்காவது கணக்கு இருந்தால் பணம் அவருக்குப் போய்விடும். திரும்ப வாங்குவது அவர் மனசைப் பொறுத்தது. புதிதாக ஒரு கணக்கைச் சேர்த்தால் முதலில் ஒரு சின்னத் தொகை அனுப்பி, வந்துவிட்டதா என்று போனில் கேட்டுவிட்டு மீதியை அனுப்புங்கள். ஒரு தடவை கட்டணம் கூடப் போனால் போகட்டும்.

வங்கிக் கிளையைக் காட்டும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டுக்கு 11 எழுத்து. ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், ‘ஓ’ இல்லை. வீட்டில் பழைய பாஸ்புக்கைப் பார்த்துக் குறியீடு சொல்கிறார்களா என்று கவனியுங்கள். கரூரில் ஆரம்பித்த லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் இந்தியாவோடு சேர்ந்துவிட்டது. அலகாபாத் வங்கி 2020 ஏப்ரலில் இந்தியன் வங்கியோடு, அதே நாளில் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடு. உங்கள் பக்கத்துக் கிராமங்களில் எங்கும் இருந்த பாண்டியன் கிராம வங்கி 2019 ஏப்ரலிலிருந்து தமிழ்நாடு கிராம வங்கி. போர்டு மாறியும் பாஸ்புக் மாற்றாமல் வைத்திருப்பவர்கள் நிறைய. புது பாஸ்புக் வாங்கச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் சும்மா கிடக்கும் கணக்காக இருந்தால் ஒருமுறை வங்கிக்குப் போய் கேஒய்சி (அடையாள, முகவரி விவரம்) புதுப்பிக்கவும் சொல்லுங்கள்.

ரசீதை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பேப்பர் ரசீதின் மை ஒரு வருஷத்தில் மங்கிவிடும். பணம் வரவில்லை என்றால் எக்ஸ்சேஞ்சில் யுடிஆர் எண் (அந்த ஒரு அனுப்புதலுக்கென்று உள்ள அடையாள எண்) கேளுங்கள். அந்த எண்ணோடு போனால்தான் ஊர் வங்கியில் தேடிப் பார்ப்பார்கள். ‘அனுப்பியாச்சு, இன்னும் வரலை’ என்று மட்டும் சொன்னால் இங்கே அங்கே என்று அலைய விடுவார்கள்.

இப்போது எனக்கு முக்கியமாகப் படும் இடம்: அம்மா கணக்கா, உங்கள் கணக்கா?

அம்மாவுக்கு அனுப்புவதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. பெற்றோர், மனைவி, உடன்பிறந்தவர்களுக்கு நீங்கள் அனுப்பும் பணத்துக்கு அவர்கள் வரி கட்ட வேண்டியதில்லை. வெளிநாட்டில் குடியிருந்து சம்பாதித்த சம்பளத்தை ஊருக்கு அனுப்புவதற்கு உங்களுக்கும் வரி கிடையாது. பிரச்சினை வேறு. மொத்தப் பணமும் ஒரே கணக்கில் விழுந்தால், அதில் எது அரிசி பருப்புக்கு, எது கடனுக்கு, எது உங்கள் சேமிப்பு என்று யாருக்கும் தெரியாது. கணக்கில் இருப்பது செலவாகும், அதில் அம்மாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாமா மகள் கல்யாணம், பக்கத்து வீட்டுக் கைமாற்று, மாடிக்கு டைல்ஸ் என்று வந்துகொண்டே இருக்கும். எட்டு, பத்து வருஷம் கழித்து ஊருக்குத் திரும்பியவர்கள் ‘இவ்வளவு அனுப்பினேனே’ என்று நோட்டைப் புரட்டுவதையும், அவர்கள் பணத்தில் வாங்கிய மனை அண்ணன் பெயரில் இருப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். ரேட்டில் பத்துப் பைசா விட்டதால் யாரும் அந்த நிலைக்கு வரவில்லை.

அதனால் உங்கள் பெயரில் ஒரு என்ஆர்இ கணக்கு. வெளிநாட்டிலிருந்து வரும் பணம் அதில் விழட்டும். வீட்டுச் செலவுக்கு என்று ஒரு தொகையை அதிலிருந்து அம்மாவுக்கு அனுப்புங்கள். எவ்வளவு என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள், ஒளித்து வைக்கும் வேலை வேண்டாம். மீதி உங்கள் பெயரில் நிற்கும். என்ஆர்இ கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி கிடையாது. பணத்தை எப்போது வேண்டுமானாலும் மறுபடி வெளிநாட்டுக்கு எடுக்கலாம். டெபாசிட் போடுவதாக இருந்தால் குறைந்தது ஒரு வருஷம் வைக்க வேண்டும். அதற்கு முன் உடைத்தால் வட்டி இல்லை.

அந்தக் கணக்கில் உள்ளூர்ப் பணத்தை நினைத்தபடி போட முடியாது. ஊரில் வீட்டு வாடகையோ, நிலக் குத்தகையோ வந்தால் அதற்கு என்ஆர்ஓ கணக்கு. அதன் வட்டிக்கு 30 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் வரியாகப் பிடிப்பார்கள். நீங்கள் ஊரில் இருந்தபோது வைத்திருந்த சாதாரண சேமிப்புக் கணக்கு இருக்கிறதே, வேலைக்கு என்று வெளிநாடு போனபிறகு அதை அப்படியே ஓட்டக் கூடாது. வங்கியில் சொல்லி என்ஆர்ஓவாக மாற்ற வேண்டும். பலர் செய்வதில்லை. செய்யாதது பின்னால் வங்கியில் ஒரு பெரிய தொகையோ வீட்டுக் கடனோ வரும்போதுதான் தலைகாட்டும்.

என்ஆர்இ கணக்கை இங்கிருந்தே திறக்கலாம். பாஸ்போர்ட், விசா, எமிரேட்ஸ் ஐடி, பான் கார்டு வேண்டும். ஆனால் நகல்களுக்குச் சான்றொப்பம் வாங்கி கூரியரில் அனுப்பிக் காத்திருப்பதைவிட, லீவில் போகும்போது நேரில் போய்த் திறப்பது எளிது. திறக்கும்போது இரண்டு வேலையைச் சேர்த்தே முடித்துவிடுங்கள். ஒன்று, நாமினி. 2025 நவம்பரிலிருந்து நான்கு பேர் வரை போடலாம். இன்னொன்று, அம்மாவையோ மனைவியையோ மேண்டேட் ஹோல்டராகப் போடுவது. அப்படிப் போட்டால் அவர்கள் உங்கள் கணக்கிலிருந்து உள்ளூர்ச் செலவுகளைச் செய்யலாம். யாருக்கும் அன்பளிப்பாக எழுதிக் கொடுக்க முடியாது. நம்பிக்கையும் பாதுகாப்பும் இரண்டும் இருக்கிற ஏற்பாடு இது. குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு என்பது வங்கிக்கு வங்கி மாறும், கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இன்னொரு வசதி பலருக்குத் தெரிவதில்லை. அமீரகம், சவூதி, கத்தார், ஓமன், சிங்கப்பூர் உட்படப் பல நாட்டு மொபைல் எண்களை வைத்தே என்ஆர்இ கணக்கில் யூபிஐ போட்டுக்கொள்ள 2023இல் வழி திறந்துவிட்டது. உங்கள் வங்கி அதைக் கொடுக்கிறதா என்று கேளுங்கள். கொடுத்தால், ஷார்ஜாவில் உட்கார்ந்தபடியே தங்கச்சி காலேஜ் ஃபீஸையும், மளிகைக் கடை பாக்கியையும் நேராகக் கட்டலாம். எல்லாவற்றையும் அம்மா தலையில் போட வேண்டியதில்லை.

கல்யாணம் ஆனபிறகு ஒன்று கவனியுங்கள். மனைவிக்கு அனுப்பும் பணத்துக்கு வரி இல்லை என்றாலும், அந்தப் பணத்தை அவர் டெபாசிட் போட்டு வரும் வட்டி வரிக் கணக்கில் உங்கள் வருமானமாகத்தான் சேரும். சேமிப்பு டெபாசிட்டை என்ஆர்இயில் உங்கள் பெயரிலேயே போட்டால் இந்தக் குழப்பமே வராது.

கடைசியாக லீவில் கொண்டுபோகும் நோட்டு. முடிந்தவரை கையில் கொண்டுபோகாதீர்கள் என்பதுதான் என் பதில், மேலே சொன்ன வழியில் அனுப்பிவிட்டு வழிச்செலவுக்குக் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். இந்திய ரூபாய் நோட்டு 25,000 வரைதான் கொண்டுபோகலாம். வெளிநாட்டு நோட்டுகள் 5,000 டாலர் மதிப்புக்கு மேல் இருந்தால் இந்திய ஏர்போர்ட்டில் அறிவிக்க வேண்டும். இங்கிருந்து கிளம்பும்போது 60,000 திர்ஹத்துக்கு மேல் இருந்தால் இங்கேயும் அறிவிக்க வேண்டும். ஏர்போர்ட் கவுன்ட்டரில் ரேட் மோசமாக இருக்கும். இரவு இறங்கி டாக்ஸிக்கு வேண்டிய அளவு மட்டும் அங்கே மாற்றுங்கள். மீதியைச் சென்னையில் மண்ணடி, எழும்பூர், தி. நகர் பக்கமோ, மதுரை, திருச்சியிலோ ரிசர்வ் வங்கி லைசென்ஸ் உள்ள பணமாற்றுக் கடையில் மாற்றலாம். லைசென்ஸைக் கடையில் பார்வையில் படும்படி மாட்டியிருப்பார்கள். பாஸ்போர்ட்டைக் காட்டி ரசீதும் வாங்குங்கள். ‘ரசீது வேண்டாம்னா ரேட் கூடத் தர்றேன்’ என்று சொல்கிற கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். சில்லறைக் காசை யாரும் வாங்க மாட்டார்கள், அதைக் கிளம்புமுன் இங்கேயே செலவழித்துவிடுங்கள். கிழிந்த, பேனாவால் எழுதிய நோட்டுகளையும் அங்கே வாங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

வேலை கத்தாருக்கோ சவூதிக்கோ மாறினால் என்ஆர்இ கணக்கு அப்படியே இருக்கும். புது விசா நகலும் முகவரியும் கொடுத்தால் போதும். ஊருக்கே திரும்பிவிடுவதாக முடிவு செய்தால் மட்டும், வந்ததும் வங்கிக்குச் சொல்லி அதைச் சாதாரணக் கணக்காக மாற்றிவிடுங்கள். அதற்குப் பிறகும் என்ஆர்இ என்றே ஓட்டி வரியில்லா வட்டி எடுத்துக்கொண்டிருந்தால், பின்னால் வருமான வரி நோட்டீஸுக்குப் பதில் சொல்ல வேண்டி வரும்.